கொலை விசாரணையும் ஞானதிருஷ்டியும்: மாநாட்டுத் தலைமை உரை



கொலையுண்டார் உடல் கிடக்கும் இடத்தையும் கொன்றவன் அடையாளத்தையும் அகக்கண்ணால் கண்டு சொல்ல வல்லோம் என்பாரைப் புலன் விசாரணையில் சேர்த்துக்கொள்வது தகுமா என்று ஆராயக் கூடியுள்ள இம்மாநாட்டிற்குத் தலைமை தாங்கும் பேற்றினை எனக்கு அளித்தமைக்கு முதற்கண் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். நம் அளவை நூலார் அறிவு பிறக்கும் வாயில்களைக் காட்சி, கருதல், உரை என்று வகுத்து, உரையைப் பிரமாணமாகக் கொள்ளவேண்டுமாயின் உரைப்பவன் ஆப்தனாக, அதாவது நம்பத்தக்கவனாக, இருத்தல் வேண்டுமென்று விதித்தார்கள். ஞானதிருஷ்டியாளர் கண்டதாகக் கூறுவதை நாம் காண்பதற்கில்லை; எவ்வாறு கண்டார் என்று கருதி உணர்வதற்கும் வழியில்லை; எஞ்சி நிற்பது அவர் உரை ஒன்றே. ஆதலின் அவ்வுரையைச் சோதிக்கும் முறையை நிர்ணயிப்பதே நம் தலையாய கடமை என்பது என் அபிப்பிராயம்.

சோதியாத உரை விளைப்பது யாது என்பதற்கு ஓர் உதாரணம் கூறுகிறேன். 1966ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரை அடுத்த கிளெனெல்க் கடற்கரைக்கு 9, 7, 4 வயதுடைய மூன்று குழந்தைகள் பஸ் ஏறிச் சென்றார்கள்; வீடு திரும்பவில்லை. அவ்வாண்டு நவம்பரில், உட்ரெக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெனாஃப் தம் நூல்களால் உலகறியச் செய்திருந்த கெரார்ட் குரோசெட் என்னும் ஞானதிருஷ்டியாளர் நெதர்லாந்திலிருந்து வந்து, ஒரு கிடங்கைச் சுட்டி, அதன் சிமெண்டுத் தளத்தின் கீழே குழந்தைகளின் உடல்கள் கிடக்கின்றன என்றார். உடைமையாளர் தயங்கவே, கட்டடத்தை இடிப்பதற்காகப் பொதுமக்கள் 40,000 டாலர் திரட்டினார்கள். தோண்டிப் பார்த்ததில் ஒன்றும் கிட்டவில்லை. 1996இல் அதே இடம் மறுபடியும் தோண்டப்பட்டது, அப்பொழுதும் ஒன்றுமில்லை. பொய்த்துப்போன ஒரு சொல் முப்பதாண்டுக் காலம் ஒரு நகரத்தாரின் நெஞ்சை விட்டு அகலாமல் நின்றதென்றால், அவர்கள் ஏக்கம் எத்தகையது என்பதை நாம் உணரவேண்டும். குரோசெட்டின் கீர்த்தி எவ்வாறு விளைந்தது என்பதைப் பீட் ஹைன் ஹூபன்ஸ் என்னும் டச்சுப் பத்திரிகையாளர் பின்னர் ஆராய்ந்தார். டெனாஃப் எழுதிய வெற்றி வரலாறுகளை, அவற்றில் குறிக்கப்பெற்ற காவல் அதிகாரிகளிடமே அவர் விசாரித்தபோது, எழுதியதற்கும் நடந்ததற்கும் இடையே பெரும் முரண்பாடு வெளிப்பட்டது.

இத்துறையில் வழங்கும் உரைகள் பெரும்பாலும் "நீர் அருகே இருக்கிறது, மரங்கள் தெரிகின்றன" என்னும் பாங்கின. உடல் அகப்பட்ட பின்னர் ஆறும் நீரே, கிணறும் நீரே, தெருக்குழாயும் நீரே; உரையை உண்மைக்கு இசைவிக்கும் வேலையைக் கேட்டவரே செய்துவிடுகிறார். சில வேளைகளில் ஊரார் நம்புவதே அருள்வாக்காகவும் திரும்பி வருகிறது. யார்க்ஷயரில் நிகழ்ந்த தொடர் கொலைகளை விசாரித்த போலீசார், கொலைகாரன் குரல் என்று நம்பிய ஒலிநாடாவை 1979 ஜூனில் வெளியிட்டனர். அதிலிருந்த பேச்சு இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள வியர்சைடு வட்டாரத்தது. பிறகு, ஆவிகளோடு பேசுவதாகப் பிரசித்தி பெற்ற டோரிஸ் ஸ்டோக்ஸ், கொலைகாரன் அப்பக்கத்தில் வாழ்பவனே என்று கூறினார். ஒலிநாடாவோ வேறொருவன் செய்த மோசடி. 1981 ஜனவரியில் ஷெஃபீல்டு நகரில், போலி எண்பலகை மாட்டிய காரைச் சோதித்த ரோந்துக் காவலர் கையில் சிக்கிய கொலைகாரன் பீட்டர் சட்கிளிஃப், வியர்சைடில் அல்ல, யார்க்ஷயரிலுள்ள பிராட்ஃபோர்டில் வாழ்ந்தவன்.

முறையான சோதனைகளும் நடந்திருக்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையின் உளவியலர் மார்ட்டின் ரைசரும் அவர் குழுவினரும், துலங்கிய குற்றங்கள் இரண்டு, துலங்காதவை இரண்டு ஆகியவற்றின் சான்றுப் பொருள்களை 12 ஞானதிருஷ்டியாளரிடம் அளித்து அவர்கள் உரைத்தவற்றைப் பதிவு செய்தார்கள். விசாரணைக்கு உதவும் செய்தி கிட்டவில்லை என்று 1979இல் அறிவித்தார்கள்.

எனினும், நமக்கு மாறாக நிற்கும் நிகழ்ச்சியை மறைத்துப் பேசுவது ஆராய்ச்சி ஆகாது. இத்தாலியின் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோ 1978 மார்ச் 16இல் கடத்தப்பட்டபின், ஏப்ரல் 2ஆம் நாள் பொலோன்யா நகருக்கருகே பேராசிரியர்கள் சிலர் ஆவியை அழைத்துக் கேட்டபோது "கிராடோலி" என்னும் சொல் வந்ததாக, அவர்களுள் ஒருவரும் பிற்காலத்தில் பிரதமர் ஆனவருமான ரொமானோ புரோடி தெரிவித்தார். போலீசார் அப்பெயருள்ள சிற்றூரைச் சோதித்தனர். ரோமாபுரியிலேயே கிராடோலி என்றொரு தெரு இருந்தது. கடத்தியவர்களின் மறைவிடம் ஒன்று அங்கே ஏப்ரல் 18இல் கண்டுபிடிக்கப்பட்டது. மே 9இல் மோரோ பிணமாகக் கிடைத்தார். இச்சொல் முன்னரே உரைக்கப்பட்டது, பொய்த்ததுமன்று. ஆயினும், அது மனிதர் எவரோ தந்த துப்பு என்றும், தந்தவரைக் காக்கவே ஆவியின் பெயர் சூட்டப்பட்டதென்றும் கருதுவோர் இத்தாலியில் பலர். துப்புத் தந்தவர் மனிதராயின் அவரைக் குறுக்கு விசாரணை செய்து, ஊரா தெருவா என்று தெளிந்திருக்கலாம். ஆவியை யார் விசாரிப்பது?

ஆதலின் மூன்று நியமங்களை உங்கள் ஆலோசனைக்கு வைக்கிறேன். உரைத்த சொல் உண்மை வெளிப்படுமுன்னரே எழுதப்பட்டு, நாளிட்டு, மூன்றாமவர் காவலில் வைக்கப்படவேண்டும். பொருந்தியவற்றோடு பொருந்தாதவற்றையும் ஒன்றுவிடாமல் எண்ணவேண்டும். உரைத்தவர் அதற்குமுன் எதைப் படித்தார், யாரோடு பேசினார் என்பதையும் விசாரிக்கவேண்டும்.

இவையனைத்திற்கும் மேலாக, சோதியாத சொல் பெற்றோர் செவியை எட்டலாகாது. 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில், காணாமற்போன மகளைப்பற்றிக் கேட்ட கிளீவ்லாந்து நகரத் தாய் ஒருவரிடம், சில்வியா பிரவுன் என்னும் ஞானதிருஷ்டியாளர் "அவள் உயிரோடில்லை" என்று கூறிவிட்டார். அந்தத் தாய் 2006இல் காலமானார். மகளோ அதே நகரத்தில் ஒரு வீட்டில் அடைபட்டிருந்து, 2013 மே மாதத்தில் உயிரோடு வெளியே வந்தார். மகள் திரும்புவாள் என்று காத்திருக்கும் உரிமையை அந்தத் தாயிடமிருந்து பறித்தது, எவரும் சோதித்திராத ஒரு சொல். நாம் இங்கே வகுக்கப்போகும் முறை இனியொரு தாய்க்கு அத்தீங்கு நேராமற் காக்குமாயின், அதுவே இம்மாநாட்டின் பயன் என்று கூறி, கட்டுரையாளர்களை வரவேற்று, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.