கீழ்வீட்டுப் ‘பெரியவர்கள்’

(முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“உங்க வெளிநாட்டு அனுபவத்தைப் பற்றிப் பதினைந்து நிமிஷம் பேசுங்க சார்” என்றார் செயலாளர். நான் 1996 முதல் 2001 வரை தைவானில் சின்ஜு என்ற நகரத்தில் வேலை பார்த்தவன். சிப் தயாரிக்கும் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். ஆகவே சிப்பைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் என் கீழ்வீட்டில் குடியிருந்தவர்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அவர்களுக்கும் உங்களுடைய வயதுதான். பத்தொன்பது, இருபது.

நாங்கள் குடியிருந்தது நாலு மாடிக் கட்டடம். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். அவர் மேல்மாடியில், நாங்கள் அதற்குக் கீழே, எங்களுக்கும் கீழே இரண்டு அமெரிக்கப் பையன்கள். வெள்ளைச் சட்டை, டை, சட்டைப்பையில் கறுப்புப் பெயர்ப்பட்டை, ஆளுக்கொரு சைக்கிள். மார்மன் சபையின் மிஷனரிகள். சபையின் முழுப்பெயர் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’. 2018லிருந்து அவர்கள் ‘மார்மன்’ என்ற பெயரைத் தவிர்த்து முழுப்பெயரையே விரும்புகிறார்கள். 1830ல் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கிய சபை அது. தலைமையகம் யூட்டா மாநிலத்தில் இருக்கிறது. தைவானுக்கு அவர்களின் முதல் மிஷனரிகள் வந்தது 1956ல்.

ஆண் மிஷனரிக்கு ‘எல்டர்’ என்று பட்டம். நம் தமிழ் பைபிளில் ‘மூப்பர்’ என்று வருமே, அதே சொல். சீனத்தில் ‘ஜாங்லாவ்’. மீசை சரியாக முளைக்காத பையனை எழுபது வயதுப் பாட்டி ‘பெரியவரே, பெரியவரே’ என்று கூப்பிடுவதைக் கேட்டு முதல் வாரம் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தக் காலத்தில் அவர்களுடைய நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன், கேளுங்கள். விடுதி மாணவர்கள் தயவுசெய்து மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளவும். காலை ஆறரைக்கு எழுந்துவிட வேண்டும். அரை மணி நேரம் உடற்பயிற்சி. அவர்கள் குதிக்கிற சத்தம்தான் எங்கள் வீட்டு அலாரம். பிறகு குளியல், காலை உணவு. அடுத்து தனியாக வேதபாடம். இருவரும் சேர்ந்தும் பாடம். அதன் பிறகு சைக்கிள் கிளம்பும். நடுவில் சாப்பாட்டு நேரமும் மொழிப்பாடமும் போக, இரவு ஒன்பது மணிவரை தெருதான். பத்தரைக்கு விளக்கு அணைய வேண்டும். சினிமா இல்லை, டி.வி. இல்லை, காதல் இல்லை. நீச்சல்கூடக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, காய்கறி வாங்க, முடிவெட்ட, வீட்டுக்குக் கடிதம் எழுத. அன்றைக்கும் சாயங்காலமானால் திரும்ப டை கட்டிக்கொள்ள வேண்டும்.

ஆண்களுக்கு இரண்டு வருஷம், பெண்களுக்குப் பதினெட்டு மாதம். எந்த நாட்டுக்குப் போக வேண்டும் என்று அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. சபை சொல்லும் இடத்துக்குப் போக வேண்டும். சம்பளம் கிடையாது. செலவுக்கு அவர்களோ குடும்பமோ சேமித்து வைத்துக் கட்ட வேண்டும். அமெரிக்க இளைஞர்கள் மாதம் 400 டாலர் கட்டி வந்தார்கள். 2020 ஜூலையில் அது 500 ஆனது. நான் பார்த்த காலத்தில் ஆண்கள் பத்தொன்பது வயதில்தான் கிளம்ப முடியும். 2012 அக்டோபரில் ஆண்களுக்குப் பதினெட்டாகவும், பெண்களுக்கு இருபத்தொன்றிலிருந்து பத்தொன்பதாகவும் வயதைக் குறைத்தார்கள். 2024 இறுதியில் உலகம் முழுவதும் இப்படி 74,000 பேருக்கு மேல் ஊழியத்தில் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஃபோன் பேசுவது வருஷத்துக்கு இரண்டே முறை. கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று. மற்றபடி தபால்தான். அண்ணன் கல்யாணம் என்றாலும் ஊருக்குப் போக முடியாது. 2019 பிப்ரவரியிலிருந்துதான் வாரம் ஒருமுறை வீட்டாரோடு பேசலாம் என்று அனுமதித்தார்கள். அன்னையர் தினத்தன்று ஒரு பையன் பேசி முடித்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். என் மனைவி பார்த்துவிட்டு, “பாவங்க, அந்தப் புள்ளைக்கு ரெண்டு தோசை கொண்டுபோய்க் குடுங்க” என்றாள். கொடுத்தேன். அதன் பிறகு கீழ்வீட்டில் ஆள் மாறினாலும் தோசை மாறவில்லை.

ஆள் மாறுவார்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரும். ஐந்து வருஷத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ‘பெரியவர்கள்’ அந்த வீட்டில் இருந்து போனார்கள். யாரும் தனியாக இருக்க முடியாது. எப்போதும் ஜோடிதான். அந்த ஜோடியையும் சபைதான் சேர்த்து வைக்கும். ஒருவன் ஐடஹோ பண்ணைக்காரன், இன்னொருவன் கலிஃபோர்னியா டாக்டர் வீட்டுப் பிள்ளை. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இருபத்து நாலு மணி நேரமும் ஒருவன் கண்ணில் மற்றவன் இருக்க வேண்டும். ரூம்மேட் குறட்டை விடுகிறான் என்று வார்டனிடம் மனு கொடுத்த நண்பர் ஒருவர் இந்த அரங்கிலேயே இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இவர்களுக்கு யூட்டாவில் ப்ரோவோ என்ற ஊரில் ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே சுமார் இரண்டு மாதம் சீனம் படித்துவிட்டு நேரே தைவானில் வந்து இறங்குவார்கள். சீனத்தில் ஒரே ஒலியை நாலு விதமாக ஏற்றி இறக்கிச் சொன்னால் நாலு பொருள். ‘மாய்’ என்பதை ஒரு மாதிரி சொன்னால் வாங்குவது, இன்னொரு மாதிரி சொன்னால் விற்பது. அந்த அரைகுறை மொழியை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் நின்று, கடவுளைப் பற்றிப் பேச வேண்டும். என்ன பதில் வரும்? ‘பு யாவ்’. வேண்டாம். கொஞ்சம் மரியாதையானவர்கள், ‘பு யுங்லெ, ஷியெ ஷியெ’ என்பார்கள். தேவையில்லைங்க, நன்றி. காலையிலிருந்து இரவு வரை இதுதான்.

ஒருநாள் ஒருவனிடம் கேட்டேன். “தம்பி, தினமும் இத்தனை பேர் வேண்டாம்கிறாங்களே, உனக்குச் சலிக்கலியா?”

அவன் சொன்னான்: “முதல் ரெண்டு மாசம் ராத்திரியில அழுதேன் சார். அப்புறம்தான் புரிஞ்சுது. அவங்க வேண்டாம்னு சொல்றது என்னை இல்ல. நான் சொல்ற விஷயத்தை. ரெண்டும் வேறவேற.”

அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. அவர்களும் நாள் முழுக்க ‘வேண்டாம்’ சொல்லிக்கொண்டிருந்தார்கள். தைவானில் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தேநீர்தான். மார்மன்களுக்குத் தேநீர், காப்பி, மது, புகையிலை எல்லாம் விலக்கு. விருந்தோம்பலை மறுப்பது எவ்வளவு சங்கடம் என்று நமக்குத் தெரியும். இந்தப் பையன்கள் இரண்டு கையாலும் கோப்பையைப் பெற்று, “தேயிலை மட்டும் வேண்டாம் பாட்டி, வெந்நீர் குடுங்க, உங்க கையால குடிக்கிறேன்” என்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள், வெண்பூசணியைச் சர்க்கரையோடு காய்ச்சிச் செய்யும் பானம் ஒன்றைக் கொடுப்பார்கள். நாம் கூட்டு வைக்கிற அதே வெண்பூசணிதான். நான் சைவம் என்பதால், ‘வேண்டாம்’ சொல்லும் இந்த வித்தையை அவர்களிடமிருந்து நானும் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்கார அம்மா தாவோ கோவிலுக்குப் போகிறவர். ஒவ்வொரு புது ஜோடியும் அவரிடம் வந்து பேசும். முழுவதும் கேட்பார். பிறகு சொல்வார்: “நான் உங்க சபைக்கு வந்துட்டா என் மாமனார் மாமியாருக்கு ஊதுவத்தி ஏத்தறது யாரு? வேண்டாம்ப்பா. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க.” ஐந்து வருஷமும் இதே பதில்தான். தண்ணீரும் தவறியதில்லை.

1999 செப்டம்பர் 21. இரவு 1.47க்கு நிலநடுக்கம். மையம் நடுத்தைவானில் உள்ள ஜிஜி என்ற ஊர். தீவு முழுவதும் 2,400 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் ஊரில் கட்டடம் நின்றது, மின்சாரம் போய்விட்டது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் இறங்குகிறேன். எதிரே கீழ்வீட்டுப் பையன்கள் இருவரும் டார்ச்சோடு மேலே ஏறுகிறார்கள். ஐந்து நிமிஷத்தில் அந்த அம்மாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து நாலு மாடியும் இறக்கிக்கொண்டு வந்தார்கள். மோட்டார் ஓடாததால் மேலே தண்ணீர் ஏறவில்லை. மின்சாரம் வரும்வரை அவர்களே வாளியில் சுமந்தார்கள். அந்த அம்மாவின் சாமி மாடத்துக்கு முன்னால் வாளியை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை மதம் பேசாமல் இறங்கிவிடுவார்கள். அந்த அம்மா கடைசிவரை சபையில் சேரவில்லை. சேர மாட்டார் என்பது அவர்களுக்கும் தெரியும்.

எல்லாமே இப்படி இனிப்பாக இருந்தது என்று சொன்னால் அது பொய். எங்கள் அலுவலக நண்பர் ஒருவரின் தம்பி அந்தச் சபையில் சேர்ந்தான். அவர்கள் அம்மா பல மாதம் அவனோடு பேசவில்லை. முன்னோர் வழிபாடு விட்டுப் போகிறதே என்ற அந்தத் தாயின் துக்கம் எனக்குப் புரிந்தது. சட்டப்படி மைனராக இருந்தால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று சபையில் விதி இருக்கிறது. அதற்கு மேற்பட்டவன் தானே முடிவெடுக்கலாம். அது அவன் உரிமை. ஆனால் அம்மாவின் கண்ணீருக்கு விதியில் பதில் கிடையாது. வாசலில் வந்து நிற்பவர்கள் அதையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு பையனிடம் இதை நேராகவே சொன்னேன். அவன் வாதாடவில்லை. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான்.

இன்னொருவன் மூன்றே மாதத்தில் ஊர் திரும்பினான். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரோடும் பேசவில்லை. அவனுடைய ஜோடிக்காரன்தான் இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பொறுப்பாளருக்குத் தகவல் சொல்லி வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்தவனும் அவன்தான். பாதியில் திரும்புகிறவனை ஊரில் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று அந்தப் பையனுக்குப் பயம். கிளம்பும்போது என் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே சொன்னாள்: “ஒடம்ப பாத்துக்கப்பா. ஒண்ணும் கெட்டுப் போயிடல.” அவனுக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டினான். அவன் எந்த விதத்திலும் தோற்றுப்போனவன் இல்லை. அதை இங்கேயும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் விடுதியில் அப்படிப்பட்ட இரவுகள் உங்களுக்கும் வரலாம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவனுக்கும் வரலாம். அந்த நேரத்தில் தனியாக விடாதீர்கள்.

இந்த வாசல்படிப் பயிற்சி சிலரை எங்கெங்கோ கொண்டு சேர்த்திருக்கிறது. தைவானில் மிஷனரியாக இருந்து சீனம் கற்ற ஜான் ஹன்ட்ஸ்மன், 2009 முதல் 2011 வரை சீனாவுக்கான அமெரிக்கத் தூதராக இருந்தார். நிர்வாகவியல் படிக்கும் மாணவர்கள் அறிந்த ஹார்வர்டு பேராசிரியராக இருந்த கிளேட்டன் கிறிஸ்டென்சன், இளமையில் கொரியாவில் இதே ஊழியம் செய்து கொரிய மொழியில் தேர்ந்தவர். ஆனால் என் கீழ்வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் சாதாரண வேலைக்குத்தான் போயிருப்பார்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

தம்பி தங்கைகளே, நான் அவர்கள் மதத்தில் சேரவில்லை. உங்களைச் சேரச் சொல்லவும் வரவில்லை. வளாக நேர்முகத்துக்கு வரும் கம்பெனிகள் வேண்டாம் என்று சொல்லும். மேற்படிப்புக்கு விண்ணப்பித்தால் வேண்டாம் என்று கடிதம் வரும். ‘என்னை வேண்டாம்னுட்டாங்க’ என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். வேண்டாம் என்றது அந்த விண்ணப்பத்தை. மறுநாள் ஆறரைக்கு எழுந்திருங்கள்.

என் வயதுக்காரர்களுக்கும் ஒன்று. நாம் இப்போது கதவுக்கு உள்ளே இருப்பவர்கள். வேலை கேட்டும் உதவி கேட்டும் இளைஞர்கள் நம் வாசலுக்கு வருகிறார்கள். எல்லோருக்கும் ‘சரி’ சொல்ல நம்மால் முடியாது. ஆனால் அந்தத் தைவான் பாட்டியைப் போல முழுசாகக் கேட்டுவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்ப முடியும்.

பதினைந்து நிமிஷம் என்றார்கள், இருபதாகிவிட்டது.