புரியாத மொழியில் ஒரு கையெழுத்து
(மகளிர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



லாஸ் ஏஞ்சல்ஸ் எங்கே, நம் தாராவி எங்கே! ஆனாலும் அங்கே நடந்த வழக்கைக் கேட்டால், "இது நம் கதையல்லவா?" என்பீர்கள்.

மெக்சிகோவிலிருந்து பிழைக்கப் போன பெண்கள், பேசுவது ஸ்பானிஷ். 1970-களின் தொடக்கத்தில் அவ்வூர்ப் பொது ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்குப் போனார்கள். இடுப்புவலி உச்சத்தில் இருக்கும்போது ஆங்கிலக் காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்துப் போட்டால்தான் வலிக்கு மருந்து என்றும் சிலரிடம் சொன்னார்கள். குழந்தையை எடுத்த கையோடு கருக்குழாயையும் கட்டிவிட்டார்கள். வழக்கறிஞர்கள் வீடு தேடி வந்து சொன்ன பிறகே விஷயம் தெரிந்தவர்களும் உண்டு.

1975-ல் டொலோரஸ் மாட்ரிகல் முதலான பத்துப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஊர் வாயை நினைத்துப் பாருங்கள். அதையும் மீறிக் கோர்ட்டில் நின்றார்கள். 1978-ல் நீதிபதி கர்ட்டிஸ் வழக்கைத் தள்ளினார். டாக்டர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லையாம். சொன்னதும் கேட்டதும் ஒத்துப்போகாத கோளாறுதானாம். யாருக்குக் கோளாறு?

தோற்றும் அவர்கள் போராட்டம் வீண்போகவில்லை. அரசுப் பணத்தில் நடக்கும் கருத்தடை ஆபரேஷனுக்கு, புரிகிற மொழியில் விளக்கிச் சம்மதம் வாங்கி, 30 நாள் காத்திருக்க வேண்டும் என்று அதே 1978-ல் அமெரிக்க மத்திய அரசு விதி செய்தது. 2018-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. நாற்பது வருஷம்!

1994-ல் சிகாகோவில் கூடிய பன்னிரண்டு கறுப்பினப் பெண்கள் இதற்கு 'இனப்பெருக்க நீதி' என்று பெயரிட்டார்கள். பிள்ளை வேண்டாம் என்பது மட்டுமல்ல, வேண்டும் என்பதும், பெற்றதைப் பாதுகாப்பாக வளர்ப்பதும் உரிமை என்றார்கள். கூலிக்காரக் குடும்பத்துக்கு இந்த மூன்றாவதுதான் பெரிது என்பது எங்கள் கருத்து.

நம் நாட்டில்? எமர்ஜென்சிக் கால ஆபரேஷன்களைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2014 நவம்பரில் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். அந்த முகாம்களுக்குப் போனவர்களில் பதின்மூன்று பேர் மாண்டார்கள். 2016-ல் சுப்ரீம் கோர்ட், முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்து, புரிகிற மொழியில் விளக்கு, யோசிக்க ஒரு மணி நேரமாவது கொடு என்றது. அங்கே 30 நாள், இங்கே ஒரு மணி.

இந்த ஊர்ப் பிரசவ வார்டுகளில் மராத்திக் காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். எதற்கு வைத்தோம் என்று கேட்டால் விழிக்கிறோம். ஆகவே நம் பெண்கள் பிரசவத்துக்குப் போகும்போது, மராத்தி படிக்கத் தெரிந்த ஒருத்தி கூடப் போவது என்று முடிவு செய்திருக்கிறோம். ராத்திரியானாலும் வரச் சம்மதிப்பவர்கள், போகுமுன் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.