போரானி: ஓர் எளிய உணவின் நெடிய வரலாறு

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

எத்தனை வகை இறைச்சி பரிமாறப்பட்டது என்பதைக் கொண்டே ஒரு திருமண விருந்தின் பெருமை பேசப்படும் காலம் இது. இவ்வேளையில் ஆப்கானிஸ்தான் மக்களின் கத்தரிக்காய் உணவாகிய 'போரானி பான்ஜான்' பற்றிச் சில செய்திகளைத் தங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

பான்ஜான் என்றால் அவர்களது தாரி மொழியில் கத்தரிக்காய். கத்தரி நம் இந்திய மண்ணிலிருந்து பாரசீகத்திற்கும் அரபு நாடுகளுக்கும் சென்ற காய். அதன் வடமொழிப் பெயரே பாரசீகத்தில் 'பாதிங்கான்' என்றும், அரபியில் 'பாதின்ஜான்' என்றும் திரிந்தது.

போரானி என்னும் சொல், அப்பாஸியக் கலீஃபா மஃமூனின் துணைவியார் பூரான் அவர்களின் பெயரால் வந்தது என்பது நெடுங்கால வழக்கு. கி.பி. 825இல் (ஹிஜ்ரி 210) நடந்த அத்திருமணத்தின் ஆடம்பரத்தை வரலாற்றாசிரியர்கள் வியந்து எழுதியுள்ளனர். மணமகளின் தந்தை ஹஸன் இப்னு ஸஹ்ல், நிலங்களின் பெயர் எழுதிய சீட்டுகளைக் கஸ்தூரி உருண்டைகளுக்குள் வைத்து விருந்தினர் மீது தூவினாராம். சீட்டைப் பெற்றவருக்கு நிலம் உரிமையாயிற்று!

1226இல் பாக்தாதில் எழுதப்பட்ட சமையல் நூலொன்றில் 'பூரான்' என்னும் பெயரிலேயே ஓர் உணவு இடம்பெற்றுள்ளது. நல்லெண்ணெயில் பொரித்த கத்தரிக்காயை மசித்து, மல்லித்தூள் சேர்த்து, பூண்டு கலந்த தயிரை ஊற்றுவது அதன் முறை. சிறு இறைச்சி உருண்டைகளும் அதில் உண்டு.

ஆப்கானியர் இன்று செய்யும் போரானியில் இறைச்சி இல்லை. கத்தரிக்காயை வட்டமாக நறுக்கி, உப்பிட்டு வைத்து, கசிந்த நீரைத் துடைத்தபின் எண்ணெயில் பொரிக்கின்றனர். வெங்காயம், தக்காளி, மஞ்சள், மல்லி, மிளகாய் சேர்ந்த மசாலாவில் அதனை அடுக்கி மெல்லிய தீயில் வேகவைக்கின்றனர். தட்டில் பூண்டுத் தயிரைப் பரப்பி, கத்தரிக்காயை வைத்து, மீண்டும் தயிர் ஊற்றி, உலர்ந்த புதினாவைத் தூவி ரொட்டியுடன் உண்கின்றனர். தக்காளியும் மிளகாயும் 1492க்குப் பின் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்தவை. தயிரும் பூண்டும் தொன்றுதொட்டுத் தொடர்பவை. கத்தரிக்குப் பதிலாகப் பூசணி இட்டால் அது 'கத்து போரானி'.

1979இல் சோவியத் படை நுழைந்தபின் இலட்சக்கணக்கான ஆப்கானியர் பாகிஸ்தானிலும் ஈரானிலும் அகதிகளாயினர். வீடும் நிலமும் பின்தங்கின. தாய்மார்களின் கைப்பக்குவம் உடன் சென்றது. பிள்ளைகள் காணாத ஊரின் சுவையை அந்தத் தட்டிலேயே அறிந்தனர்.

அன்பிற்குரியவர்களே! கஸ்தூரி உருண்டைகள் அன்றே தீர்ந்தன. கலீஃபாவின் அரண்மனையும் இன்றில்லை. நிலைத்திருப்பதோ ஒரு கத்தரிக்காய் உணவு. நம் மணவிருந்துகளில் இலையில் எஞ்சிக் குப்பைக்குப் போகும் உணவை எண்ணிப் பாருங்கள். கடன்பட்டு விருந்து வைக்கும் தந்தையரை எண்ணிப் பாருங்கள். ஒரு காய்கறி உணவையும் மனமுவந்து பரிமாறுவோம். அதைக் கொண்டு எவரையும் குறைவாக மதியாதிருப்போம். மாற்றம் வசதி படைத்தோர் இல்லத் திருமணங்களிலிருந்தே தொடங்கட்டும். அப்போதுதான் எளியோர் தயக்கமின்றிப் பின்பற்றுவர்.