ஆதிக்குடிகள் இல்லாத தீவு



இந்துமகா சமுத்திரத்தின் படத்தை விரித்து, மடகாஸ்கருக்குக் கிழக்கே கூர்ந்து நோக்கினால் ஒரு சிறு புள்ளி தென்படும். அதுவே மொரீஷியஸ். அந்நாட்டின் பரப்பு ஏறத்தாழ 2,040 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை 12 லட்சத்துக்குச் சற்று மேல். அதன் சரித்திரத்தைப் பேசப் புகுவோர் முதலில் மனத்திற்கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஆதிக்குடிகள் என்று சொல்லத்தக்கவர் எவரும் அத்தீவில் இருந்ததில்லை. அராபியக் கடலோடிகள் அதனை அறிந்திருந்தனர். போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைக் கண்டனர். இரு சாராரும் அங்கே குடியேறவில்லை. ஆகவே இன்று அங்கு வாழ்வோர் அனைவரும் வந்தவர்களின் வழித்தோன்றல்களே. யார் விரும்பி வந்தனர், யார் இழுத்து வரப்பட்டனர் என்பதே அந்நாட்டின் சரித்திரம்.

1598இல் டச்சுக்காரர் கரையிறங்கி, தம் இளவரசர் மாரிஸின் பெயரை அத்தீவுக்குச் சூட்டினர். 1638இல் குடியேற்றத்தைத் தொடங்கினர். ஜாவாவிலிருந்து கரும்பைக் கொணர்ந்தவர் அவர்களே. கருங்காலி மரங்களை வெட்டி விற்றவரும் அவர்களே. பறக்க அறியாத டோடோ என்னும் பறவை அவர்கள் காலத்திலேயே உலகை விட்டு மறைந்தது. 1710இல் அவர்கள் தீவைக் கைவிட்டு அகன்றனர்.

1715இல் பிரெஞ்சுக்காரர் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். 1735இல் ஆளுநராக வந்த லபூர்தொனே என்பவர் போர்ட் லூயி துறைமுகத்தைப் பெருநகராக வளர்த்தார். 1746இல் ஆங்கிலரிடமிருந்து சென்னையைக் கைப்பற்றியவரும் இவரே. துறைமுகத்தை அமைக்கப் புதுச்சேரிப் பகுதியிலிருந்து கைவினைஞர்கள் வருவிக்கப்பட்டனர். கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகள் சென்றதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே தமிழர் கைத்தொழிலாளராக அங்குச் சென்றனர் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. அதே காலத்தில் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் பல்லாயிரவர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர்.

1810இல் பிரிட்டிஷார் தீவை வென்றனர். சரணடைந்தோரின் சட்டம், சமயம், வழக்கம் ஆகியவற்றில் கைவைப்பதில்லை என்று அவர்கள் வாக்களித்தனர். அதனாலேயே இன்றும் அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் ஆங்கிலமும், நாளிதழ்களில் பிரெஞ்சும், வீட்டிலும் வீதியிலும் கிரியோல் மொழியும் வழங்குகின்றன.

1835இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அப்போது விடுதலை பெற்றோர் ஏறத்தாழ 66,000 பேர். பிரிட்டிஷ் அரசு 20 லட்சம் பவுனுக்கு மேல் நஷ்டஈடு வழங்கியது. யாருக்கு? அடிமைகளுக்கன்று, அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களுக்கு! விடுதலை பெற்றவர்களோ மேலும் சில ஆண்டுகள் பழைய எஜமானரிடமே பயிற்சித் தொழிலாளர் என்ற பெயரில் உழைக்கவேண்டியிருந்தது. அக்கட்டும் நீங்கியபின், அவர்களிற் பெரும்பாலோர் கரும்புக் காட்டுக்குத் திரும்ப மறுத்தனர்.

அந்த இடத்தை நிரப்பவே ஒப்பந்தக் கூலிமுறை பிறந்தது. 1834 நவம்பர் 2ஆம் நாள், 'அட்லஸ்' என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 பேரை ஏற்றிக்கொண்டு போர்ட் லூயியை அடைந்தது. அதன்பின் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து ஏறத்தாழ நாலரை லட்சம் இந்தியர் சென்றனர். 1861ஆம் ஆண்டிலேயே தீவின் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். ஐந்தாண்டு ஒப்பந்தம், தொடக்கத்தில் ஆடவருக்கு மாதம் ஐந்து ரூபாய் கூலி. ஒருநாள் வேலைக்கு வாராதவனுக்கு இருநாட் கூலி பிடிக்கப்பட்டது. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்தவரும் தம் புகைப்படம் ஒட்டிய அனுமதிச் சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்கவேண்டும். இல்லையேல் நாடோடி என்று சிறை. அப்புகைப்படங்கள் பல இன்று மோகா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அடக்குவதற்காக எடுக்கப்பட்ட படங்களே பேரர்களுக்கு முன்னோரின் முகத்தைக் காட்டும் ஒரே சான்றாயின. கூலிகள் கரையேறிய 'ஆப்ரவாசி காட்' படித்துறையை யுனெஸ்கோ 2006இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

இக்கொடுமைகளை எதிர்த்து, 1871இல் 9,401 பேர் விண்ணப்பம் ஒன்றை அளித்தனர். அதனை ஆக்குவதில் துணைநின்றவர் அடால்ப் டி பிளெவிட்ஸ் என்னும் ஐரோப்பியத் தோட்டக்காரர். அதன் பயனாக அரச விசாரணைக் குழு அமைந்தது. 1901இல் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் அங்குத் தங்கி, பிள்ளைகளைப் படிக்கவைக்குமாறு மக்களுக்கு அறிவுரை கூறினார்.

பள்ளிக்கூடத்திலேயே காலங்கழித்தவன் என்ற முறையில், என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்த பகுதி இனி வருவது. 1947ஆம் ஆண்டு அரசியலமைப்பு, தீவில் வழங்கும் மொழிகளுள் ஏதேனும் ஒன்றில் எளிதாக எழுதப் படிக்கத் தெரிந்த வயதுவந்தோர்க்கெல்லாம் வாக்குரிமை அளித்தது. பாஸ்தேவ் பிசுன்தயாலும் அவர்தம் தொண்டர்களும் ஊர்தோறும் மாலைப்பள்ளி நடத்தினர். கரும்பு வெட்டிய கைகள் அந்தி வேளையில் எழுத்தைப் பழகின. ஏறத்தாழ 12,000ஆக இருந்த வாக்காளர் தொகை, 1948ஆம் ஆண்டுத் தேர்தலில் 70,000க்கு மேல் உயர்ந்தது. தோட்டமுதலாளிகளின் ஏகபோக ஆட்சி அதோடு ஆட்டங்கண்டது. எழுத்தறிவு ஒரு நாட்டின் விதியை மாற்றும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 1968 மார்ச் 12ஆம் நாள் சிவசாகர் ராம்கூலம் தலைமையில் நாடு சுதந்திரம் பெற்றது, 1992இல் குடியரசாயிற்று. 1977 முதல் உயர்நிலைப் பள்ளிக் கல்வியும் இலவசமாயிற்று.

அங்குள்ள தமிழரின் நிலை யாது? அவர்களிற் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ், பள்ளியில் பாடமாகக் கற்கும் மூதாதையர் மொழி. தைப்பூசக் காவடிக்கு நாடெங்கும் அரசு விடுமுறை உண்டு. நாணய நோட்டில் தமிழெழுத்து உண்டு. 1998இல் புதிய நோட்டுகளில் அவ்வெழுத்தின் வரிசை மாற்றப்பட்டபோது எழுந்த எதிர்ப்பினால், அந்நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. நாவில் தேய்ந்த மொழி நெஞ்சில் தேயவில்லை என்று இதனால் மகிழலாம். ஆயினும் பேச்சில் வழங்காத மொழியை எழுத்து மட்டும் எத்தனை தலைமுறை காக்கும் என்ற கவலையும் கூடவே எழுகின்றது.

இறுதியாக ஒன்று. சுதந்திரத்துக்கு மூன்றாண்டு முன்னர், 1965இல், சாகோஸ் தீவுக்கூட்டத்தைப் பிரிட்டன் மொரீஷியஸிலிருந்து பிரித்துத் தன்வசம் வைத்துக்கொண்டது. அவற்றுள் டீகோ கார்சியா அமெரிக்காவின் போர்த்தளத்துக்கு அளிக்கப்பட்டது. அங்குத் தென்னந்தோப்புகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அடிமைகளின் வழிவந்தோரும் பிறரும் 1973க்குள் முற்றிலும் வெளியேற்றப்பட்டனர். அந்தப் பிரிவினை முறையற்றது என்று 2019இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது. அத்தீவுகளின்மேல் மொரீஷியஸுக்குள்ள இறைமையை ஏற்று, டீகோ கார்சியாவை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறும் ஒப்பந்தத்தில் 2025 மே மாதம் பிரிட்டன் கையொப்பமிட்டது. இதிலும் தங்களைக் கலந்துகொள்ளவில்லை என்று சாகோஸ் மக்களிற் பலர் குறைகூறினர்.

அக்குறையைச் செவிமடுக்கும் கடமை மற்றெவரையும்விட மொரீஷியஸ் மக்களுக்கே மிகுதி. தம் விருப்பத்தைக் கேளாது கப்பலேற்றப்பட்டோரின் பேரர்கள் அன்றோ அவர்கள்! ஆதிக்குடிகள் இல்லாத நாட்டில், முன்னே வந்தவன் பின்னே வந்தவனைப் பார்த்து, 'இது என் மண்' என்று சொல்ல இயலாது. உழைத்தவர் அனைவருக்கும் உரியது அம்மண். இப்பாடம் அத்தீவுக்கு மட்டும் உரியதன்று.