கசற் எடுக்கப் போன அண்ணையும் பத்துக்கு ஒன்பதும்



எண்பதுகளின் நடுப்பகுதி. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு குளத்துக்குக் கீழே இருந்த குடியேற்றக் கிராமம் எங்களுடையது. மின்சாரம் இல்லை. அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்கும் நாட்களில், வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்து, ரவுணிலிருந்து ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுப்போம். விடிய விடிய மூன்று படம் ஓடும். பாயோடு வந்து இடம் பிடித்தவர்கள் சூரியன் வந்த பிறகுதான் எழும்புவார்கள்.

கசற் எடுத்துவரும் பொறுப்பு சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு அண்ணையிடம் இருந்தது. படம் பிழைத்தால் ஊர்க் காசும் எண்ணெயும் ஓர் இரவும் சேர்ந்து போகும். ஆகவே அவர் வந்து இறங்கியதும் எல்லோரும் சூழ்ந்துகொள்வார்கள். "சோக்கான படம்" என்று அவர் சொன்னால், எங்கள் அம்மாமார் உடனே, "அழுகிற இடம் ஏதும் இருக்கோ தம்பி?" என்று கேட்பார்கள். அவருக்குச் சண்டைப் படம் என்றால் உயிர் என்பது ஊருக்குத் தெரியும். "இது கொஞ்சம் இழுவை" என்று அவர் சொன்ன படத்துக்குத்தான் பெண்கள் முன்வரிசையில் பாய் விரித்தார்கள். அந்தக் கணக்கு ஒருநாளும் பிழைத்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த அண்ணையை எனக்கு மீண்டும் நினைவூட்டியவன் என் மருமகன். தங்கச்சியின் மகன், பரந்தனில் இருக்கிறான். உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு, கனடாவில் இருக்கும் சித்தப்பா அனுப்பிய பழைய பிளேஸ்டேஷன் 4 ஒன்று அவனுக்குக் கிடைத்தது. ஒரு விளையாட்டு வாங்க வேண்டும். ஒரு வருடம் சேர்த்த காசு கையில் இருந்தது. போனில் ஒரு விளையாட்டு விமர்சனத்தைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"மாமா, பத்துக்கு ஒம்பது போட்டிருக்கினம். இனி என்ன யோசிக்கக் கிடக்கு?"

"ஆர் போட்டது?" என்று கேட்டேன்.

அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வாங்கினான்.

விளையாட்டின் தட்டு உறைக்குள் இருந்தது. ஆனால் அதைப் போட்டவுடன் பல பத்து கிகாபைட் இன்ரநெற்றில் இறக்கினால்தான் முழுதாக விளையாடலாம் என்று திரையில் வந்தது. அவனிடம் இருந்தது போன் டேற்றா மட்டும். இரவு நேரப் பொதியைப் போட்டுப் போட்டு, இரண்டு கிழமைக்கு மேல் இறக்கினான். இறக்கி முடித்த பிறகு அந்தப் பழைய பெட்டியில் விளையாட்டு நின்று நின்று ஓடியது. ஒன்பது கொடுத்தவர் பொய் சொல்லவில்லை. வேகமான இணைப்பும் புதிய பெட்டியும் உள்ள வீட்டில் இருந்து, தான் கண்டதை எழுதியிருப்பார். பரந்தனில் ஒரு பொடியன் அதை நம்பிக் காசு கட்டுவான் என்று அவர் எதற்கு நினைக்கப் போகிறார்?

இது சின்ன விஷயம் என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பெரிய நிறுவனங்களின் புதிய விளையாட்டு ஒன்று 60, 70 டொலர். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அந்த வருடம் மே மாதம் அது 360 ரூபாவைத் தொட்டது. 12,000 ரூபாவாக இருந்த விளையாட்டு சில மாதத்தில் 21,000 ரூபாவைத் தாண்டிவிட்டது. விமர்சனத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. அதே ஒன்பதுதான். விமர்சகருக்கு அந்த விளையாட்டு பெரும்பாலும் காசில்லாமல் வருகிறது என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அது எப்படி வருகிறது என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். விளையாட்டைத் தயாரித்த நிறுவனம், கடைக்கு வருவதற்குச் சில நாளோ சில கிழமையோ முன்னதாக விமர்சகர்களுக்குப் பிரதி அனுப்பும். இந்த நாள், இந்த மணிக்கு முன்னர் எதையும் வெளியிடக்கூடாது என்ற நிபந்தனையும் கூடவே வரும். அறுபது மணித்தியாலம் பிடிக்கும் கதையை அந்த இடைவெளிக்குள் ஓடி முடித்து எழுத வேண்டும். நாங்கள் பாடசாலையும் வயலும் கடையும் முடித்து இரவில் ஒரு மணித்தியாலம் விளையாடுவது வேறு, அவர்கள் இரவு பகலாக விளையாடுவது வேறு. அலுப்பும் வேறு, ருசியும் வேறு.

இந்த ஏற்பாட்டின் குறை 2020 டிசம்பரில் உலகத்துக்கே தெரிந்தது. போலந்து நாட்டின் சிடி புரொஜெக்ட் நிறுவனம் சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டை டிசம்பர் 10ஆம் திகதி வெளியிட்டது. விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கிடைத்தது கணினிப் பிரதி மட்டும். தாங்கள் விளையாடியதைப் படம் பிடித்துக் காட்டவும் ஆரம்பத்தில் அனுமதி இல்லை, நிறுவனம் கொடுத்த காட்சிகளையே காட்ட வேண்டியிருந்தது. நல்ல கணினியில் விளையாடியவர்கள் தொண்ணூறை ஒட்டிப் புள்ளி போட்டார்கள். 80 லட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தார்கள். பிளேஸ்டேஷன் 4இல் போட்டவர்களுக்கு அது அடிக்கடி நின்றது, முகங்கள் மங்கின, பாத்திரங்கள் சுவருக்குள்ளால் போயின. ஒரு கிழமைக்குள், டிசம்பர் 17இல், சொனி நிறுவனம் அதைத் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டுக் காசைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தது. மறுபடி அது கடைக்கு வந்தது 2021 ஜூன் 21இல்.

அதே விளையாட்டை நிறுவனம் வருடக்கணக்கில் திருத்தியது. 2023இல் வந்த பெரிய திருத்தத்துக்குப் பிறகு, திட்டியவர்களே பாராட்டினார்கள். ஆனால் அந்தத் திருத்தம் பிளேஸ்டேஷன் 4க்கு வரவில்லை. ஆகவே 2020இல் எழுதிய புகழ்ச்சியும் சரி, வசையும் சரி, இன்று வாங்கப் போகிறவருக்கு அப்படியே பொருந்தாது. விமர்சனம் எழுதிய திகதியையும், எந்தப் பெட்டியில் விளையாடி எழுதியது என்பதையும் முதலில் பார்க்கச் சொல்லி நான் மருமகனுக்குச் சொன்னது இதனால்தான்.

விமர்சகர்கள் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறார்களா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது. அதற்கு ஒரு பதில் 2007ஆம் ஆண்டில் இருக்கிறது. அமெரிக்காவில் கேம்ஸ்பொட் என்ற தளத்தில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்பவர் மூத்த விமர்சகராக இருந்தார். கேன் அண்ட் லிஞ்ச் என்ற விளையாட்டுக்குப் பத்துக்கு ஆறு என்று எழுதினார். அந்த விளையாட்டின் விளம்பரம்தான் அப்போது அந்தத் தளம் முழுக்க நிறைந்திருந்தது. அந்த நவம்பர் மாதமே அவருக்கு வேலை போனது. விளம்பரக்காரரின் கோபத்துக்கு நிர்வாகம் பணிந்தது என்று 2012இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். விளம்பரம் விமர்சனத்தின் கழுத்தைப் பிடிக்கும் என்பதற்கு இது சான்று. தன் வேலையைக் கொடுத்தும் உள்ளதை எழுதுகிற விமர்சகர் இருக்கிறார் என்பதற்கும் இதுவே சான்று. எனக்கு இரண்டாவதுதான் கூடப் பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் விமர்சனத்தோடு வரும் அந்தப் புள்ளி எனக்குப் பிடிக்கவில்லை. 2001இல் தொடங்கிய மெட்டாகிரிட்டிக் என்ற தளம் பல விமர்சகர்களின் புள்ளிகளைச் சேர்த்து நூற்றுக்கு ஒரு சராசரி போடுகிறது. யாருடைய புள்ளிக்கு எவ்வளவு எடை என்று அது சொல்வதில்லை. 2010இல் வந்த ஃபோல்அவுட்: நியூ வேகாஸ் விளையாட்டைச் செய்த ஒப்சிடியன் நிறுவனத்துக்கு, அந்தச் சராசரி 85 வந்தால் மேலதிகக் கொடுப்பனவு உண்டு என்று ஒப்பந்தம். வந்தது 84. ஒரு புள்ளியில் அந்தக் காசு போனது. உழைப்பவரின் கூலியை அளக்கிற கோலாக ஒரு சராசரி மாறுவது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல. சராசரி என்றால் என்ன? சண்டைப் படம் விரும்பும் எங்கள் அண்ணையையும் அழுகைப் படம் விரும்பும் அம்மாவையும் கூட்டி இரண்டால் பிரிப்பது. மிஞ்சுவது யாருடைய ருசியும் இல்லை.

விளையாடியவர்களே போடும் புள்ளியும் இருக்கிறது. அதிலும் கோபத்தில் கூட்டமாக வந்து பூச்சியம் போடுவது நடக்கிறது. 2020 ஜூனில் த லாஸ்ட் ஒஃப் அஸ் இரண்டாம் பாகம் வெளியான அன்றே, முடிக்க நேரமில்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் பூச்சியம் போட்டார்கள். அதன் பிறகு, வெளியாகி 36 மணித்தியாலம் வரை வாசகர் புள்ளி போட முடியாது என்று மெட்டாகிரிட்டிக் விதி வைத்தது.

இனி எங்களுக்கு மிக நெருங்கிய ஒரு விளையாட்டுக்கு வருகிறேன். பெயர் வெண்பா. டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறிய குழு செய்தது. 2023 ஜூலை 31இல் வெளியானது. தமிழ்நாட்டிலிருந்து எண்பதுகளில் கனடாவுக்குப் போன வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்து தமிழை விட்டு விலகிப் போகும் மகன் கவின். தாயிடமிருந்து வந்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்ட படிகளை ஊகித்துச் சமைப்பதுதான் விளையாட்டு. 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு அதற்கு முதற்படைப்புக்கான விருதைக் கொடுத்தது.

விமர்சகர்கள் அதை நன்றாகவே பாராட்டினார்கள். ஆனால் பலர் ஒரு குறையைச் சொன்னார்கள்: மிகக் குறுகியது, ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடுகிறது. விலை 15 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 4,500 ரூபா. மணித்தியாலத்துக்கு 3,000 ரூபா. இந்தக் கணக்கைப் பார்த்து மருமகன் முகத்தைச் சுழித்தான். நான் வாங்கச் சொன்னேன்.

அவனுடைய மடிக்கணினியைச் சுற்றி நானும் தங்கச்சியும் இருந்தோம். பிட்டு அவிக்கும் கட்டம் வந்தது. குழலுக்குள் எதை எந்த ஒழுங்கில் போடுவது என்று அவன் யோசித்துக்கொண்டிருக்க, தங்கச்சி பின்னால் நின்று, "உதுக்கென்ன யோசினை? அடியிலை தேங்காய்ப்பூவைப் போடு, பிறகு மாவைப் போடு. எங்கடை நீத்துப்பெட்டி எண்டால் இந்தக் கரைச்சலே இல்லை" என்றாள். வாழ்நாளில் ஒரு விளையாட்டையும் தொட்டுப் பார்க்காதவள். பிறகு, கவினுக்கு விளங்காத தமிழ்ச் சொற்கள் திரையில் மங்கலாக வந்தபோது அவள் பேசாமல் இருந்தாள். எங்கள் அக்காவின் பிள்ளைகள் டொரண்டோவில். வீடியோ அழைப்பில் அவர்கள் "ஹாய் சித்தி" என்பார்கள், அடுத்த சொல் வராது. "குறுகியது" என்று எழுதிய விமர்சகரிடம் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குப் புதிராக இருந்தது தங்கச்சியின் காலைச் சாப்பாடு. அவர் எழுதியதை வைத்து அவள் அந்த இரவு எப்படி இருப்பாள் என்று எவராலும் சொல்லியிருக்க முடியாது.

வன்னியில் பெரும்பாலான பிள்ளைகள் விளையாடுவது இப்படிக் காசு கொடுத்து வாங்கும் விளையாட்டுகளை அல்ல, போனில் இலவசமாக வருவனவற்றை. 2017இல் வந்த ஃப்ரீ ஃபயர் விலை குறைந்த போனிலும் ஓடும், அதனால்தான் ஊரூராகப் பரவியது. இறக்கக் காசில்லை. உள்ளே போனால் வைரம் என்ற விளையாட்டுக் காசை உண்மைக் காசு கொடுத்து வாங்கச் சொல்லும். அந்த வைரத்தைக் கொடுத்து உடுப்பும் துவக்கின் நிறமும் வாங்கலாம், அல்லது சக்கரம் சுழற்றி அதிர்ஷ்டம் பார்க்கலாம். வெளிநாட்டு விமர்சகர் எவரும் இந்தச் சக்கரத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று எங்களுக்கு எழுதுவதில்லை. ஆனால் எங்கள் வீடுகளில் காசு போகும் வழி இதுதான். யூரியூப்பில் ஒருவர் சக்கரம் சுழற்றி அரிய உடுப்பு எடுத்துக் காட்டும்போது, அந்த வைரம் அவர் காசில் வாங்கியதா, விளம்பரத்துக்குக் கிடைத்ததா என்று பிள்ளைக்குத் தெரியாது. இப்படிக் காசு கொடுத்து அதிர்ஷ்டம் பார்க்கும் பெட்டிகளைப் பெல்ஜியம் 2018இலேயே சூதாட்டம் என்று அறிவித்தது. தாய்மாரே, தகப்பன்மாரே, பிள்ளை ரீலோட் கேட்டால் எதற்கு என்று இருந்து கேளுங்கள். அந்தச் சக்கரத்தை உங்களுக்கு ஒருக்கால் சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

கணினியில் ஸ்டீம் கடையில் வாங்குபவர்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், காசைத் திருப்பிக் கேட்கலாம். 2015 ஜூனிலிருந்து இந்த விதி உண்டு. உங்கள் கணினியில் ஓடுகிறதா என்று பார்க்க இதைவிடச் சிறந்த விமர்சனம் இல்லை. ஆனால் வெண்பா போன்ற சின்ன விளையாட்டை முடித்துவிட்டுக் காசைத் திருப்பிக் கேட்பது, சாப்பிட்டுவிட்டு வெறும் கோப்பையைக் காட்டிக் காசைத் திருப்பிக் கேட்பது மாதிரி. அதைச் செய்யாதீர்கள்.

மருமகன் இப்போது வவுனியாப் பல்கலைக்கழகத்தில், பம்பைமடுவில் படிக்கிறான். இரண்டு விமர்சகர்களைத் தெரிந்து வைத்திருக்கிறான். ஒருவருக்கு நீண்ட கதை பிடிக்கும், மற்றவருக்குப் பொறுமையே இல்லை. பொறுமையில்லாதவர் "மந்தமாகப் போகிறது" என்று எழுதினால் இவன் விலை குறையும் நாளுக்குக் காத்திருந்து வாங்குகிறான். அவன் ருசி எங்கள் ஊர் அம்மாமாரின் ருசி.

தோழர்களோடு ஒரு வட்ஸ்அப் குழுவும் வைத்திருக்கிறான். யார் எதை வாங்கினாலும் அதில் எழுத வேண்டும் என்பது அவர்களின் ஏற்பாடு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்ததை மறக்காத பிள்ளைகள் என்பதால் கரண்டைப் பற்றியும் எழுதுவார்கள். போன கிழமை அவன் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினான்:

"பழைய மடிக்கணினி. போன் ஹொட்ஸ்பொட்டிலை எட்டு கிகாபைட் இறங்கினது. பிறகு இன்ரநெற் இல்லாமலும் ஓடுது. கரண்ட் போனால் விட்ட இடத்திலையிருந்து தொடங்கலாம். எனக்குப் பிடிச்சது. சண்டை தேடுற ஆக்கள் வாங்காதேங்கோ."

புள்ளி போடவில்லையா என்று கேட்டேன். "ஏன் மாமா, என்னைத்தானே அவங்களுக்குத் தெரியும்" என்றான்.