புதியவரின் பக்கத்தில் அமர்வோம்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

கணினியைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்தார்கள். அது பெருங்கடல். அதில் ஒரு கையளவை மட்டும் அள்ளிக்கொள்கிறேன். விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை, அதனை அறியாத ஒருவருக்கு எவ்வாறு பழக்கிவைப்பது என்பதே என் பொருள்.

பணிசெயல் முறைமை என்பது கணினியின் திரை, விசைப்பலகை, அச்சுப்பொறி அனைத்தையும் ஒன்றாக இயக்கும் அடிப்படை மென்பொருள். விண்டோஸ் அத்தகைய ஒன்று, லினக்ஸ் மற்றொன்று. எவரும் பயன்படுத்தவும், ஆராய்ந்து திருத்தவும், படியெடுத்துப் பிறருக்கு வழங்கவும் உரிமையுள்ள முறைமையொன்றை ஆக்கப்போவதாக 1983 இல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்தார். 1991 இல் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருவை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து வளர்ந்ததே இன்று நாம் காண்பது. நம் முன்னோர் ஏட்டுச் சுவடியை இரவல் வாங்கிப் படித்தார்கள், படியெடுத்தார்கள், பிழை கண்டால் திருத்தினார்கள், கேட்டவருக்குக் கொடுத்தார்கள். ஆகவே இந்த வழக்கம் நமக்குப் புதிதன்று.

இதனை இப்போது பேசுவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிந்தது. அடுத்த பதிப்பைப் பழைய கணினிகள் பல ஏற்கமாட்டா. நம் வீடுகளில் வெளிநாட்டு உறவினர் விட்டுச்சென்ற கணினிகள் எத்தனை தூசி படிந்து கிடக்கின்றன! அவற்றுட் பல லினக்ஸில் நன்றாக இயங்கும்.

இனி, என் பிழையொன்றைச் சொல்லவேண்டும். எங்கள் அயலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருடைய கணினி மிக மெதுவாகிவிட்டது. நான் ஒரு மாலை சென்று, அவரை அப்பால் இருத்திவிட்டு, அரைமணி நேரத்தில் லினக்ஸை நிறுவினேன். என் கெட்டித்தனத்தில் எனக்கே பெருமை. அவர் மெல்லக் கேட்டார்: “தம்பி, பிள்ளையின்ரை கலியாணப் படங்கள் எங்கை?”

வன்தட்டை முழுவதும் அழித்திருந்தேன். அப்படங்களுக்கு வேறு பிரதி இல்லை. கனடாவிலுள்ள மகள் தன்னிடமிருந்த சிலவற்றை அனுப்பினாள். மற்றவை போனவை போனவையே. ஐயா என்னை ஏசவில்லை. ஒரு கிழமை கழித்து என்னை அழைத்துத் தாமே கதிரையில் அமர்ந்தார். “இப்ப நீ தொடாதை. நான் தொடுறன், நீ சொல்லு” என்றார். ஐம்பது வருடம் படிப்பித்தவர் எனக்குப் படிப்பித்த பாடம் அது.

அன்றிலிருந்து நான் கைக்கொள்ளும் முறை இதுதான். முதலாவது, படங்களையும் கடிதங்களையும் வேறொரு தட்டில் படியெடுத்து, அங்கே அவை திறக்கின்றனவா என்று உரியவரைக் கொண்டே பார்க்கச் செய்வது. இரண்டாவது, உடனே நிறுவாமல், லினக்ஸ் மின்ற் அல்லது உபுண்டுவைப் பென் றைவில் இட்டு அதிலிருந்தே இயக்கிக் காட்டுவது. நிறுவும்படி கட்டளை கொடுக்காதவரை கணினியிலுள்ளது அப்படியே இருக்கும். இணையம், ஒலி, அச்சுப்பொறி ஆகியவை இயங்குகின்றனவா என்று அப்போதே அறியலாம். மூன்றாவது, அவருக்கு வேண்டியதை முதலிற் காட்டுவது. பேரப்பிள்ளையுடன் பேச விரும்புபவருக்குக் கட்டளை வரிகள் எதற்கு?

தமிழ் விடயத்தில் ஓர் எச்சரிக்கை. நம்மவர் பலரின் பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் உள்ளவை. புதிய முறைமையில் திறந்தால் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். எல்லாம் அழிந்தது என்று முதியவர் கலங்குவார். அந்த எழுத்துருவைச் சேர்த்தால் தமிழ் மீண்டும் தெரியும். யுனிகோட்டுக்கு மாற்றிவிட்டால் என்றைக்கும் கவலையில்லை. இதனை முன்னரே சொல்லி வைப்பது நம் கடமை.

“சாதாரண மக்களால் இது முடியுமா?” என்று கேட்பவர் கேரளத்தைப் பார்க்கலாம். அங்கு 2001 இல் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் பின்னர் கட்டற்ற மென்பொருளுக்கே மாறியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். ஆசிரியர் மாணவருக்குச் சொல்லிக் கொடுத்தனர். மென்பொருள் இலவசம் என்பதால் மட்டும் அது நிலைக்கவில்லை. பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தார், அதனால் நிலைத்தது.

இளைஞர்களே! புதியவர் ஒரு கேள்வியைப் பத்துத் தரம் கேட்பார். “இதுகூடத் தெரியாதா?” என்ற ஒரு சொல் போதும், அவர் மறுபடி கணினிப் பக்கம் வரமாட்டார். பெரியோர்களே! தெரியாததைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

கிழமையில் ஒரு மாலை இம்மண்டபத்தைத் திறந்து வைப்போம். பழைய கணினியுடன் வருபவர் வரட்டும். ஒருவருக்கு ஓர் இளைஞன் துணையிருக்கட்டும். கதிரையில் அவர் அமரட்டும். நாம் பக்கத்தில் அமர்வோம். முதல் மாலைக்கு வருவதாக அந்த ஆசிரியர் ஐயா எனக்கு வாக்களித்திருக்கிறார், படிக்க அல்ல, படிப்பிக்க.