திண்ணையில் அறுபது ஆண்டு



ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர ஒரு விதி உண்டு. ஐரோப்பிய நாடு எதுவும் விண்ணப்பிக்கலாம். சரி, எது ஐரோப்பிய நாடு? அந்தச் சொல்லுக்கு அதிகாரபூர்வ வரையறை கிடையாது என்று அவர்களுடைய ஆணையமே 1992-இல் எழுதி வைத்திருக்கிறது. விதி என்னவென்று காவல்காரனுக்கே தெரியாவிட்டால், வருகிறவன் முகத்தைப் பார்த்துத்தானே அவன் கதவைத் திறப்பான்?

1987-இல் மொராக்கோ விண்ணப்பித்தது. நீ ஐரோப்பா இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வரைபடத்தைப் பார்த்தால் நியாயம்தான்; மொராக்கோ இருப்பது ஆப்பிரிக்காவில். ஆனால் விரலை எடுத்துவிடாதீர்கள், அதே கரையோரமாகக் கொஞ்சம் நகர்த்துங்கள். சியூட்டா, மெலில்லா என்று இரண்டு ஊர்கள். ஆப்பிரிக்க மண்தான். ஆனால் ஸ்பெயினுக்குச் சொந்தம். 1986-இல் ஸ்பெயின் உள்ளே போனபோது இரண்டும் கூடவே போய்விட்டன! இந்த ஒன்றியத்துக்கு அடித்தளமாக 1957-இல் எழுதிய ரோம் ஒப்பந்தத்தைப் புரட்டுங்கள்: அதன் பல விதிகள் அல்ஜீரியாவுக்கும் பொருந்தும் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. அன்று அல்ஜீரியா பிரான்சின் பிடியில் இருந்தது. 1962-இல் விடுதலை வாங்கியது. அடிமையாக இருந்தவரை ஐரோப்பாவோடு ஒட்டு, தலை நிமிர்ந்த பிறகு ஆப்பிரிக்கா! (கைதட்டல்)

துருக்கியின் கதை இன்னும் நீளம். 1963-இல் அங்காராவில் ஐரோப்பாவோடு ஒப்பந்தம் கையெழுத்தானபோது, ஆணையத்தின் தலைவர் வால்டர் ஹால்ஸ்டீன், துருக்கி ஐரோப்பாவின் ஒரு பகுதி என்றே பேசினார். பனிப்போர்க் காலம் அது; சோவியத் எல்லையில் துருக்கிப் படை தேவைப்பட்டது. காவலுக்கு ஆள் வேண்டும் என்றபோது உறவு சொன்னார்கள். பந்தியில் இலை போடு என்று 1987-இல் கேட்டபோது, திண்ணையில் உட்கார் என்றார்கள். 1999-இல் வேட்பாளர் நாடு என்று பெயர் மட்டும் கொடுத்தார்கள். 2005-இல் பேச்சுவார்த்தை தொடங்கியது. இன்று அது உறைந்து கிடக்கிறது.

துருக்கி உத்தமனா என்று கேட்பீர்கள். இல்லை. 1974-இல் சைப்ரசில் படையிறக்கிய நாடு, குர்து மக்களை ஒடுக்கிய நாடு, 2016-க்குப் பிறகு பத்திரிகையாளர்களைச் சிறைக்குள் தள்ளிய நாடு. இவற்றைச் சொல்லிக் கதவைச் சாத்தினால் நான் இந்த மேடையில் வாய் திறக்கமாட்டேன். எட்டரைக் கோடிப் பேர் வந்தால் எங்கள் வாக்குப் பலம் குறையும் என்றால்கூட அது கணக்கு, புரிந்துகொள்ளலாம். ஆனால் ஒன்றியத்துக்கு அரசமைப்பு வரையும் குழுவின் தலைவராக 2002-இல் இருந்த ஜிஸ்கார் தெஸ்தாங் என்ன சொன்னார்? தலைநகரம் ஐரோப்பாவில் இல்லை, பண்பாடு வேறு, வாழ்க்கை முறை வேறு, துருக்கி வந்தால் ஐரோப்பாவின் முடிவு என்றார். சிறையைச் சீர்திருத்தலாம், சட்டத்தைத் திருத்தலாம். பிறப்பை எங்கே போய்த் திருத்துவது? இந்த நாட்டில் பிறந்த நமக்கு இந்த வாதம் புதிதா என்ன?

ஜிஸ்கார் அப்படிச் சொன்ன இரண்டே ஆண்டுகளில், 2004-இல், சைப்ரஸ் உறுப்பினர் ஆனது. அதன் தலைநகர் நிகோசியா எந்தக் கண்டத்தில் இருக்கிறது? புவியியல் நூல்கள் அந்தத் தீவை ஆசியாவில்தான் வைக்கின்றன. துருக்கிக் கரையிலிருந்து எழுபது கிலோமீட்டர் அளவு தூரம்தான்!

அல்பேனியாவும் போஸ்னியாவும் முஸ்லிம்கள் மிகுந்த நாடுகள், அவையும் வேட்பாளர்கள்தானே என்பார்கள். ஆம், வேட்பாளர்கள். அல்பேனியா 2009-இல் மனுப் போட்டுவிட்டு இன்னும் காத்திருக்கிறது.

உக்ரைன் 2022 பிப்ரவரி 28 அன்று மனுப் போட்டது. ஜூன் 23 அன்று வேட்பாளர் ஆனது. நான்கு மாதம்கூட ஆகவில்லை. குண்டு விழும் நாட்டுக்கு அந்த வேகம் தகும். அதில் எனக்குப் பொறாமை இல்லை. மறுநாள் ஜூன் 24. சற்று முன் சொன்னேனே, மெலில்லா, அந்த ஊரின் வேலியில் ஏறி உள்ளே வரப் பார்த்தவர்களில் குறைந்தது 23 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் சூடான்காரர்கள். அவர்கள் நாட்டிலும் மோதல் ஓயவில்லை. ஒரு நாட்டின் விண்ணப்பமும் தனி மனிதர்களின் ஓட்டமும் ஒன்றல்ல என்று சட்டம் படித்தவர்கள் சொல்லட்டும். நான் அந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

ஐரோப்பா எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டுமா? பாரிசிலிருந்து வந்த உறவினர் யாரிடமாவது யூரோ நோட்டு இருந்தால், வாங்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஐரோப்பிய வரைபடத்துக்குக் கீழே குட்டிக் குட்டிக் கட்டங்கள் இருக்கும். ஒன்றில் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானா. நம் இன்சாட் செயற்கைக்கோள்கள் பல ஏறிய கூரூ ஏவுதளம் அங்கேதான் இருக்கிறது. இன்னொன்றில் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவு. கரும்பு வெட்டக் கப்பலேற்றிக் கொண்டுபோன நம் தமிழ்க் கூலிகளின் வாரிசுகள் அங்கே ஐரோப்பியக் குடிமக்களாக இருக்கிறார்கள். அவர்களை உள்ளே விட்டதற்காக ஐரோப்பாவுக்கு இன்னும் முடிவு வந்துவிடவில்லை, ஐயா!